மூன்று காதலிகள், ஒரே தொண்டை

ஒரு காலத்தில் ஹாலிவுட் நாயகிகள் மூன்று பேர் மீது எனக்குத் தீராத மயக்கம். 'தி கிங் அண்ட் ஐ' (1956) டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) நாட்டலி வுட், 'மை ஃபேர் லேடி' (1964) ஆட்ரி ஹெப்பர்ன். மூவரில் யார் குரல் உசத்தி என்று எனக்குள்ளேயே பட்டிமன்றம் நடத்தி, நானே நடுவராக இருந்து, தீர்ப்பைப் பல வருஷம் ஒத்திவைத்திருந்தேன். டெபோராவின் குரலில் கண்ணியம், நாட்டலியிடம் ஏக்கம், ஆட்ரியிடம் குறும்பு என்று நண்பர்களுக்கு வகுப்பு வேறு எடுத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, மூன்று பேருக்கும் பாடியவர் மார்னி நிக்ஸன் என்ற ஒரே பெண்மணி.

வீட்டில் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "மூணு பேர்னு நினைச்சேன். ஒருத்திதானா? பரவாயில்லை" என்றாள்.

டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். ஏமாந்துவிட்டதாக இங்கே யாராவது கொடி பிடித்தோமா? பாட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கும், ரேடியோவில் சொல்வார்கள், விஷயம் முடிந்தது. ஹாலிவுட்டிலோ அது குடும்ப ரகசியம். அந்த மூன்று படங்களின் டைட்டிலிலும் மார்னியின் பெயர் கிடையாது. நாட்டலி வுட் பாவம், பாட்டையெல்லாம் தானே பாடிப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, அதுதான் படத்தில் வரும் என்று நம்பியிருந்தார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952). கீச்சுக்குரல் நடிகைக்குத் திரைமறைவிலிருந்து டெபி ரெனால்ட்ஸ் குரல் கொடுப்பார். கடைசியில் திரையை விலக்கிக் குட்டை உடைப்பார்கள். நியாயம் ஜெயித்தது என்று நானும் கைதட்டினேன். அந்த டெபிக்கே சில பாட்டுகளில் குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ்! இனிமேல் படிப்பவர்கள் காகிதம், பென்சில் எடுத்துக்கொள்வது நல்லது. கீச்சுக்குரல்காரியின் வசனத்தை டெபி டப்பிங் பேசுவதாக ஒரு காட்சி. அதில் நாம் கேட்பது, கீச்சுக்குரல்காரியாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். நிஜத்தில் அவ்வளவு நல்ல குரல் அவருக்கு.

'மை ஃபேர் லேடி'யில் ரெக்ஸ் ஹாரிஸனுக்குப் பாட வராது. டைக்குள் மைக்கை ஒளித்து வைத்துக்கொண்டு, பாட்டையெல்லாம் வசனம் மாதிரி பேசியே ஒப்பேற்றினார். அவருக்கு ஆஸ்கர். ஆட்ரிக்கு நாமினேஷன்கூட இல்லை. மேடையில் அதே வேடத்தைச் சொந்தக் குரலில் பாடி நடித்தும் படத்தில் வாய்ப்புக் கிடைக்காத ஜூலி ஆண்ட்ரூஸ், அந்த ஆண்டே 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கரை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) பார்க்கும்போது, மலை வரட்டும், குழந்தைகள் வரட்டும், அவசரமில்லை. கன்னிகாஸ்திரீகள் கூடி மரியாவைப் பற்றிக் குறைப்பட்டுப் பாடும் இடத்தில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். அவர்களில் சிஸ்டர் சோஃபியாவாக நிற்பவர் மார்னி நிக்ஸன். வாயும் அவருடையது, குரலும் அவருடையது.