இரண்டு பஸ் போச்சு, ஒரு பஸ் வந்துச்சு

பதிமூன்று வயதில் கரடியோடு குஸ்தி போட்ட ஆளை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகக் கூப்பிடுவதற்கு முன் கல்லூரி நிர்வாகம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆர்கன்சா மாநிலம் ஃபோர்டைஸில், வித்தை காட்ட வந்த கரடியோடு மேடையேறி மல்லுக்கட்டியவர் பால் பிரையன்ட். பேசிய காசு கைக்கு வரவில்லை. ‘கரடி’ பட்டம் மட்டும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. 1954இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி இவரைத்தான் கென்டக்கியிலிருந்து அழைத்து வந்தது.

அப்போது அது ஆண்கள் மட்டும் படித்த, ராணுவ மிடுக்கான கல்லூரி. வரவேற்புக் கூட்டத்தில் எழுந்தவர் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டு மிதித்தார். டையையும் மிதித்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து மிதிபடப்போவது யார் என்று ஆட்டக்காரர்கள் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

செப்டம்பரில் தெரிந்தது. பையன்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் போனார். டெக்சாஸில் பல வருஷமாக மழை பொய்த்திருந்த காலம். மைதானம் என்று அவர் காட்டிய இடத்தில் புல்லைத் தவிர எல்லாம் இருந்தது: கல், முள், புழுதி. வெயில் அன்றாடம் சதமடித்தது. விடிந்தால் பயிற்சி, மதியம் பயிற்சி. நடுவில் தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் ஆட்டக்காரன் தளர்ந்துவிடுவான் என்பது அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் விஞ்ஞானம். ஒரு பையன் வெயிலில் சுருண்டு விழுந்து பிழைத்ததே பெரிய பாடு. அந்த ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை.

பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டினார்கள். காலையில் எண்ணினால் நாலு கட்டில் காலி, மறுநாள் இன்னும் நாலு. பத்து நாளில் முகாம் முடிந்தபோது மிச்சம் முப்பத்தைந்து சொச்சம். ‘போனது இரண்டு பஸ், வந்தது ஒன்று’ என்பது, தாக்குப்பிடித்த ஜீன் ஸ்டாலிங்ஸ் பிற்காலத்தில் சொன்ன கணக்கு. ஓடிப்போனவர்களைக் கோழைகள் என்று அமெரிக்கா ரொம்ப நாள் பேசியது. என்னைக் கேட்டால், அந்தக் கூட்டத்திலேயே புத்தி சரியாக வேலை செய்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இவ்வளவு வாட்டி வதக்கியதற்குப் பலன்? முதல் ஆட்டத்திலேயே டெக்சாஸ் டெக் 41–9 என்று துவைத்துக் காயப்போட்டது. பத்து ஆட்டத்தில் ஒன்பது தோல்வி. ஜெயித்த ஒரே ஆட்டம் ஜார்ஜியாவுடன், அதுவும் 6–0. பிரையன்ட் தலைமைப் பயிற்சியாளராக இருந்த 38 பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமான பருவம் இது ஒன்றுதான். எதில் படுதோல்வியோ அதையே காவியமாக்குவதில் அமெரிக்கர்களுக்கு அலாதித் திறமை: இந்த முகாமைப் பற்றிப் புத்தகம் வந்தது, படம் வந்தது.

‘1956இல் தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆனார்களே, ஜங்ஷன் போட்ட அஸ்திவாரம்தானே?’ என்பார்கள் பக்தர்கள். அந்த அணியின் நட்சத்திரம் ஜான் டேவிட் க்ரோ 1954இல் முதலாமாண்டு மாணவர். அந்த முகாமுக்கு முதலாமாண்டுக்காரர்களைக் கூட்டிப்போகவே இல்லை. 1957இல் அவர் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையே வாங்கினார், தாகத்தில் நாக்கு வறளாமலேயே. போதாக்குறைக்கு, ஆள் பிடிப்பதில் விதி மீறியதற்காகக் கல்லூரி தண்டனையில் இருந்ததால், அந்தச் சாம்பியன் அணியால் பருவ முடிவில் நடக்கும் ‘பௌல்’ என்ற கௌரவ ஆட்டம் எதற்கும் போக முடியவில்லை.

1957 பருவம் முடிந்ததும் பிரையன்ட் தான் படித்த அலபாமாவுக்கே கிளம்பிவிட்டார். படித்த இடம்தான் அம்மாவாம், அம்மா கூப்பிட்டாளாம். அம்மா வீட்டில் கோப்பையாகக் குவித்தார். 1968 புத்தாண்டன்று காட்டன் பௌலில் அவரது அலபாமாவை ஏ அண்ட் எம் 20–16 என்று கவிழ்த்தது. ஜெயித்த அணியின் பயிற்சியாளர் அதே ஸ்டாலிங்ஸ். கை குலுக்க வந்த சிஷ்யனைக் கரடியார் அப்படியே அலாக்காகத் தூக்கிவிட்டார்.