சுவரைத் தூக்கியவர்கள்

கேள்வி: கச்சேரி இனித்தால் பாடகருக்குக் கைதட்டல், மைக் 'கீச்' என்றால் மட்டும் எல்லோரும் சவுண்ட்காரரை முறைக்கிறார்களே, நியாயமா?

பதில்: அநியாயம்! கைதட்டலில் பாதி அவருக்குச் சேர வேண்டும். 1974இல் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவுக்காக அதன் சவுண்ட்காரர் ஆவ்ஸ்லி ஸ்டான்லியும் கூட்டாளிகளும் 'வால் ஆஃப் சவுண்ட்' என்று ஒலிபெருக்கிகளாலேயே ஒரு சுவர் எழுப்பினார்கள். எடை சுமார் 75 டன். அது பாடகரின் முதுகுக்குப் பின்னால் முழங்கினால் மைக் சும்மா இருக்குமா? ஆளுக்கு இரண்டு மைக் வைத்து, ஒன்றின் இணைப்பைத் தலைகீழாக்கினார்கள். இரண்டிலும் ஒரேபோல விழுந்த சுவரின் ஓசை தன்னைத்தானே அழித்துக்கொண்டது. ஒன்றில் மட்டும் வாய்வைத்துப் பாடிய குரல் தப்பித்தது. என்ன மூளை! முதுகெலும்பும் சளைத்ததல்ல. மேடைச் சாரம் இரண்டு செட். பாட்டு இந்த ஊரில் நடக்கும்போதே அடுத்த ஊரில் சாரம் ஏறிக்கொண்டிருக்கும்.