தேடலில் வராத தளத்துக்கு ஒரு கைவாகடம்

யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் பரராசசேகரம், செகராசசேகரம் என்று இரண்டு வைத்திய நூல்கள் எழுந்தன. வாதம், பித்தம், சுரம் எல்லாவற்றுக்கும் அவற்றில் வழி உண்டு. இணையத்தளம் ஒன்று கூகிளின் எட்டாம் பக்கத்தில் கிடந்து அழுந்துகிற வியாதிக்கு மாத்திரம் ஒரு வரி கிடையாது. அந்தக் குறையை நிரப்பவே இந்தக் கைவாகடம். நான் பரம்பரைப் பரியாரி இல்லை. ஊரில் ஒருவருக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் வீட்டுத் திண்ணை ஆசுப்பத்திரியாகிவிட்டது.

முதல் விதி: நோயாளி சொல்வதைக் கேட்க வேண்டும், நம்பக் கூடாது. கடைசியாக வந்தவர் தின்னவேலிச் சந்தைக்குக் கிட்டப் பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல் விற்கிற ஒரு அண்ணை. தகப்பன் தொடங்கிய வியாபாரம். "தம்பி, ஒண்டரை இலட்சம் குடுத்துத் தளம் செய்விச்சனான். கூகிளிலை போட்டால் என்ரை கடை வருகுதில்லை. ஆரோ பின்னாலை நிண்டு வேலை பார்க்கினம்" என்றார். ஆர் என்று கேட்டேன். எதிர்க்கடைக்காரர், மச்சான், கூகிள் கொம்பனி என்று மூன்று பேரைச் சொன்னார், அதே வரிசையில். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் சரிவராவிட்டால் முதலில் செய்வினை, அடுத்தது கண்ணூறு, மிச்சம் இருந்தால் சொந்தக் கவனக்குறைவு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதி வைத்தியம் முடிந்தது.

நாடி பிடிப்பது இப்படி. தேடற் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக விழுந்தால் கூகிளுக்கு உங்களைத் தெரியும், ஆனால் பெரிதாக மதிக்கவில்லை. ஒன்றுமே விழாவிட்டால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இரண்டும் வேறு வேறு வியாதி. ஒன்றுக்குரிய குளிசையை மற்றதற்குக் கொடுத்தால் காசுதான் போகும். தேடுபொறி முதலில் இணைப்பு இணைப்பாக நடந்து பக்கங்களைப் பார்க்கிறது, பிறகு அட்டவணையில் பதிகிறது, யாராவது தேடும்போதுதான் வரிசைப்படுத்துகிறது. அட்டவணையில் பெயர் இல்லாதவர் வரிசையைப் பற்றிக் கவலைப்படுவது, வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர் தேர்தலில் ஏன் தோற்றேன் என்று கேட்பது போல.

அண்ணையின் தளத்துக்கு ஒன்றுமே விழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புகள் என்ற பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது: தேடுபொறிகளே, இங்கே வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிற பெட்டி. தளத்தைக் கட்டும்போது அரைகுறை வேலை வெளியில் தெரியாமல் இருக்க அதில் சரி போடுவார்கள். கட்டி முடிந்ததும் எடுக்க வேண்டும். செய்துகொடுத்த பெடியன் எடுக்க மறந்துவிட்டான். பதினான்கு மாதம் ஊரெல்லாம் விருந்துக்குச் சொல்லிப்போட்டுப் படலையை உள்ளால் கொழுவிவிட்டு, ஒருத்தரும் வரவில்லை என்று திண்ணையில் குந்தியிருந்திருக்கிறார் அண்ணை. சரியை எடுத்துவிட்டேன். அவர் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை. "அப்ப எதிர்க்கடைக்காரன் ஒண்டும் செய்யேல்லையோ?" என்றார்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வந்தார். இப்போது அட்டவணையில் இருக்கிறார், ஆனால் அகப்படவில்லை. இங்கேதான் எங்கள் மண்ணில் வேரூன்றிய ஒரு வியாதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பெயர் பாமினி.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினியின் வயிற்றுக்குள் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேட்டி கட்டிவிட்ட மாதிரி. வேட்டி உங்கள் கணினியில் இருக்கிறது, கூகிளிடம் இல்லை. அது பார்ப்பது வெறும் ஜே, கே, பி, ஓ. உலகத்தில் எவரும் பனங்கட்டி வேண்டும் என்று அரைப்புள்ளிகளை அடித்துத் தேடுவதில்லை. யூனிகோடின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் அச்சகங்கள் பாமினியில் பழகிய கை. கலியாணக் காட்டில் தொடங்கிக் கோயில் கும்பாபிசேக மலர் வரைக்கும் அதில்தான் கிடக்கிறது. இவற்றிலிருந்து வெட்டி ஒட்டியே பல தளங்களில் 'எங்களைப் பற்றி' பக்கம் பிறக்கிறது. அண்ணையின் பக்கமும் அப்படித்தான், கடையின் இருபத்தைந்தாம் ஆண்டு மலரிலிருந்து வந்தது. தகப்பன் சைக்கிளில் பனங்கட்டிக் குட்டான் கட்டி விற்ற கதை முழுவதும் அரைப்புள்ளியாகக் கிடந்தது.

கண்டுபிடிக்கும் வழி லேசு. உங்கள் பக்கத்தில் ஒரு வரியைப் பிரதி எடுத்துத் தேடற் பெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் கொட்டினால் பாமினி. மருந்தும் லேசு: யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்க்கவும். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம்.

பாமினிக்குத் தம்பிமுறையான வியாதி, எல்லாவற்றையும் படமாகப் போடுவது. விலைப்பட்டியல் ஒரு படம், முகவரி ஒரு படம், கடை திறக்கிற நேரம் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஒரு படம். பேஸ்புக்கில் போட்ட போஸ்டரை அப்படியே தூக்கித் தளத்தில் வைத்துவிடுவார்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடுபொறி வாசித்துவிடும் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது. இதில் நாங்கள் படிக்க வேண்டியது 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டத்திடம். அங்கே உள்ள பழைய நூல்கள், பத்திரிகைகள் பெரும்பாலும் வருடி எடுத்த பக்கங்கள், அதாவது படங்கள். ஆனாலும் தேடினால் அகப்படும். ஏனென்றால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த ஊரின் ஆட்களுக்கு அட்டவணையின் அருமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனிப் பெரிய விசயத்துக்கு வருவோம். அண்ணையின் முகப்புப் பக்கத்தைத் திறந்தால் மேலே பெரிய எழுத்தில், பாரம்பரியத்தின் சுவை, தலைமுறைகளின் நம்பிக்கை, நாளைய உலகின் தெரிவு என்று மூன்று வரி. கீழே பனைமரத்துப் படம். உலாவியின் மேற்பட்டையில், தேடல் முடிவில் தலைப்பாக வரவேண்டிய இடத்தில், 'முகப்பு' என்று ஒரேயொரு சொல். பக்கம் முழுக்கத் தேடினேன். பனங்கட்டி என்ற சொல் எங்கேயும் இல்லை. "அண்ணை, என்ன விக்கிறியள் எண்டு ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார். எல்லாருக்கும் தெரியும். கூகிளுக்குத்தான் தெரியாது.

எழுதினாலும் போதாது, தேடுகிறவர் வாயில் வருகிற சொல்லும் அங்கே இருக்க வேண்டும். நாங்கள் பனங்கட்டி என்பதைச் சென்னைக்காரர் கருப்பட்டி என்பார், பனைவெல்லம் என்பார். எங்கள் கருப்பநீர் அவருக்குப் பதநீர். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இவை ஒன்றும் தெரியாது. அம்மம்மா சொன்னதை ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி அடிக்கும். ஒடியற்கூழை அது அடிக்கிற விதத்தில், கூகிள் குளிர்ச்சியான ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்தால் அதன் பிழை இல்லை. நாங்கள் ரொறன்ரோ என்று எழுதும் ஊரைத் தமிழ்நாட்டார் டொரண்டோ என்பார்கள். எங்கள் நோர்வே அவர்களுக்கு நார்வே, எங்கள் ஒக்டோபர் அவர்களுக்கு அக்டோபர். எங்கள் எழுத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்த அவமானம் எனக்கு வேண்டாம். ஒரு வசனத்தில் 'தமிழ்நாட்டில் கருப்பட்டி என்பார்களே, அது' என்று சொல்லிவிட்டுப் போவதில் மானம் குறையாது.

ஊர்ப்பெயரில் வருகிற வியாதி இன்னும் பொல்லாதது. அண்ணையின் கடை முகவரி திருநெல்வேலி, வாய்ப்பேச்சில் தின்னவேலி. பல்கலைக்கழகம் இருக்கிற எங்கள் திருநெல்வேலி. அந்தப் பெயரை மட்டும் போட்டால் கூகிள் தாமிரபரணிக் கரைக்குப் போய் அல்வாக் கடைக்கு முன்னால் நிற்கும். பெரிய ஊர், பெரிய மாவட்டம். எங்களுடையது ஒரு சந்தி, ஒரு சந்தை. 'யாழ்' என்று மட்டும் சுருக்கினாலும் ஆபத்து: நரம்புக்கருவியும் விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் குறுக்கே வரும். யாழ்ப்பாணம் என்று முழுதாக எழுதுங்கள், பக்கத்தில் இலங்கை என்று போடுங்கள், பரமேஸ்வராச் சந்தியிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள். ஓட்டோக்காரருக்கு வழி சொல்வது போல எழுதினால் சரி.

செய்தித்தளம் நடத்துகிறவர்களுக்கு வேறு மருந்து. 'யாழில் பரபரப்பு! நடந்தது என்ன?' என்று தலைப்புப் போடுகிறீர்கள். யார், எந்த ஊர், என்ன சங்கதி, ஒன்றும் அதில் இல்லை. பரபரப்பு வேண்டும் என்று யாரும் தேடுவதில்லை. சாவகச்சேரியில் எந்த றோட்டு மூடியிருக்கிறது என்று தேடுவார்கள். அதோடு ஒருவர் எழுதிய செய்தியை மற்றப் பத்துப் பேரும் காற்புள்ளி மாறாமல் எடுத்துப் போடுகிறார்கள். 2018 பெப்ரவரியில் கூகிளின் விளம்பரத் திட்டம் தமிழையும் ஏற்றுக்கொண்டதிலிருந்து இந்த வெட்டு ஒட்டுக்குக் காசாசையும் சேர்ந்துகொண்டது என்பது என் எண்ணம். ஒரே கூழைப் பதினொரு சட்டியில் ஊற்றி வைத்தால், சமைத்தவரின் சட்டி எது என்று தேடிப் பிடித்து மற்றதுகளை ஒதுக்கிவைக்கத்தான் தேடுபொறி பார்க்கும். சில நேரம் அதற்கும் ஆள் மாறிப்போகும்.

முதலிடம் உறுதி என்று எழுத்தில் தருவேன் என ஒருவர் போன் எடுப்பார். தன் பட்டியலில் முதலிடத்தை எவராலும் உறுதிப்படுத்த முடியாது என்று கூகிளே சொல்லியிருக்கிறது. அவர் செய்வது, எங்கேயோ கிடக்கிற ஐந்நூறு தளங்களிலிருந்து உங்களுக்கு இணைப்பு வாங்குவது. மற்றவர் தரும் இணைப்பைச் சிபார்சாக எண்ணிப் பார்க்கிற யோசனையில்தான் 1998 இல் கூகிள் பிறந்தது. அதனால் கள்ளச் சிபார்சும் கூடவே பிறந்தது. கலியாணம் பேச வந்த தரகர் மாப்பிள்ளையைப் பற்றி ஐந்நூறு நற்சான்றிதழ் கொண்டுவந்து, எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தால் பெண் வீட்டார் என்ன செய்வார்களோ, அதைத்தான் கூகிள் 2012 இல் பென்குயின் என்ற பெயரில் செய்தது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் பனங்கட்டி என்று முந்நூறு தரம் எழுதி ஒளித்து வைப்பதும் இதே வகை.

சில்லறை வியாதிகள்: தேர்த்திருவிழாப் படங்களைக் கமரா கொடுத்த பருமனிலேயே ஏற்றாதீர்கள். பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரைச் செக்கனுக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கூகிள் அளவு வைத்திருக்கிறது. நெடுந்தீவில் நின்று போனில் திறந்து பாருங்கள். 2010 இலிருந்து '.இலங்கை' என்று முடிகிற தமிழ் முகவரியும் வாங்கலாம், வடிவாக இருக்கும். வாட்ஸப்பில் ஒட்டும்போது எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்குகிற ஒரு பாம்பாக மாறினால் பயப்பட வேண்டாம், அது கணினி அதை எழுதும் முறை. உங்கள் போனில் உங்கள் கடை முதலாவதாக வருவதைக் கண்டு பால் பொங்க வேண்டாம். நீங்கள் தினம் இருபது தரம் போய்ப் பார்ப்பதும், நிற்கிற இடம் கடை வாசல் என்பதும் அதற்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் அண்ணை கேட்டார், "இதெல்லாம் சரியா எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் எங்கடை ஊரிலை இருக்கிறானோ?"

இருக்கிறார், கனகாலமாக இருக்கிறார். மரண அறிவித்தல் எழுதுகிறவர். ஒரு அறிவித்தலை எடுத்து வாசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டில் இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று முதல் வரியிலேயே இடம் முழுதாக விழுந்துவிடும். பிறகு முழுப்பெயர், ஊரில் கூப்பிட்ட பெயர், பார்த்த உத்தியோகம். தாய் தகப்பன், மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள், ஒருவரும் தப்பாமல். கடைசியில் யார் யாருக்கு எந்த நாட்டில் எந்த இலக்கத்தில் போன் எடுக்கலாம் என்பது. பரபரப்பு இல்லை, நாளைய உலகின் தெரிவு இல்லை. பெரிய கொம்பனிகள் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை, எங்கள் ஆட்கள் செத்த வீட்டுக்குள் நின்று, அழுகைக்கு நடுவில், பிழையில்லாமல் செய்துவிடுகிறார்கள். கடைக்கு எழுதும்போதுதான் கவிஞராகிவிடுகிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டே அவருடைய போனில், திருநெல்வேலி, யாழ்ப்பாணம், பனங்கட்டி, வியாபாரி என்று நாலு சொல்லையும் போட்டுத் தேடினேன். முதலாவதாக வந்தது மூன்று வருசத்துக்கு முன்னர் காலஞ்சென்ற அவருடைய தகப்பனின் மரண அறிவித்தல். அதில் பிரபல பனங்கட்டி வியாபாரி என்று தெளிவாக இருந்தது. தொடர்புகளுக்கு: மகன். கீழே அண்ணையின் போன் இலக்கம்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லமாகச் சொன்னார்: "போன தைக்கு ரொறன்ரோவிலை இருந்து ஒருத்தர் எடுத்தவர் தம்பி. ஐயா செத்ததுக்குத் துக்கம் விசாரிச்சார். நானும் அழுதுபோட்டன். பேந்து, இருநூறு குட்டான் அனுப்பேலுமோ எண்டு கேட்டார். செத்த வீட்டு நம்பரிலை என்ன பகிடி எண்டு, பேசிப்போட்டு வைச்சிட்டன்."

அந்த இலக்கம் போனில் இன்னும் இருக்கிறதா என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.