நன்றாகக் கெட்டுப்போகட்டும்

விண்டோஸ் கணினிக்கு ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. அரைகுறையாகக் கெட்டால் அது வைத்தியம் பார்க்காது. அடுத்தடுத்து 2 முறை எழ முடியாமல் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் தானாகவே ரெக்கவரி மோடுக்குள் போகும். இன்று எழுந்து, நாளை முனகி, மறுநாள் பாதியில் உறைந்து நிற்கிற கணினியை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

கோவில்பட்டி மாமாவின் லேப்டாப் இந்த ரகம். புது பிரிண்டரோடு வந்த ஏதோ ஒன்றை ஏற்றிய நாளிலிருந்து, ஆன் செய்தால் வட்டம் சுற்றும். மனசு வைத்தால் திரை வரும்; வந்தாலும் மவுஸ் அசையாது. மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் சென்னையில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறவன். எங்கள் குடும்பத்தின் கணக்கில் அது கம்ப்யூட்டர் இன்ஜினியருக்குச் சமம் என்பதால், வைத்தியம் போனில் நடந்தது.

ஏற்றியதை நீக்க, அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடுக்குள் போக வேண்டும். விண்டோஸ் 95 காலத்தில் அதற்கு இவ்வளவு சுற்றில்லை. எழும்போது எஃப்8 தட்டினால் சேஃப் மோடுக்கு வழி கிடைக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கணினி எழுகிற வேகம் கூடிப்போய், அந்த எஃப்8-ஐத் தட்டக் கிடைக்கும் நேரம் 200 மில்லிசெகண்டுக்கும் கீழே போய்விட்டதாக மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் ஆயிரம் எஃப்8 கடந்துபோயிருக்கும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்கிற வழியும் உண்டு. அதற்கு மவுஸ் அசைய வேண்டுமே!

“மாமா, வட்டம் சுத்த ஆரம்பிச்சதும் பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க. அணையற வரைக்கும் விடாதீங்க.”

“ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா? ஷட்டவுன் கொடுக்காம அணைக்கக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன?”

“இப்ப அணைக்கணும் மாமா. மறுபடி ஆன் பண்ணி, மறுபடி அணைக்கணும்.”

மறுமுனையில் பேச்சில்லை. பிறகு குரலில் வெளிச்சம் வந்தது. “புரிஞ்சிட்டு மாப்ளே. விட்டுவிட்டு வர்ற பயலை எவனும் விசாரிக்க மாட்டான். சேந்தாப்புல மட்டம் போட்டாத்தான் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம்.”

மைக்ரோசாஃப்ட்டின் விளக்கப் பக்கங்களில் இத்தனை தெளிவை நான் பார்த்ததில்லை.

நீலத் திரை வந்தது. கேள்வித்தாள் முழுவதையும் வாசிக்காமல் பேனாவைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர், தானும் அப்படியே எல்லாவற்றையும் உரக்க வாசித்தார். ட்ரபிள்ஷூட்டுக்குள் போனதும், “மொதல்லயே ரீசெட்னு இருக்கே, அமுக்கிரவா?” என்றார். நான் அலறிய அலறலில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே விட்டார். மொத்தத்தையும் துடைத்துவிடக்கூடிய அந்தப் பொத்தானை முதலில் வைத்த புண்ணியவானுக்கு மாமாக்களே இல்லை போலிருக்கிறது.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று பத்திரமாகக் கூட்டிப்போனால், வாசலிலேயே பிட்லாக்கர் நின்றது. ஹார்ட் டிஸ்க் பூட்டியிருக்கிறது, 48 இலக்க எண்ணைச் சொல்லு என்றது. அந்த எண் மாமாவின் ஆன்லைன் கணக்கில் இருக்கிறது. கணக்கைத் திறந்தவள் பேத்தி. பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளோ கோயம்புத்தூர் ஹாஸ்டலில். அவளையும் கான்ஃபரன்ஸ் காலில் இழுத்தோம்.

6 இலக்கமாக 8 கட்டங்கள். அவள் வாசிக்க, மாமா தட்டினார். காத்திருக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்காமல், அந்த ஒவ்வொரு கட்டமும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண், தப்பாக அடித்தால் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு என்று நான் உளறி வைத்தேன். அத்தோடு தட்டச்சு நின்றது. ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, சரி என்றால்தான் அடுத்த கட்டம்.

“413529ஆ? 9-க்கும் 15-க்கும் 6 வித்தியாசம் வருது. 11-ல போகாது. திரும்ப வாசி.”

“ஐயோ தாத்தா, 413259.”

“12-க்கு 12. இப்ப சரி. கண்ணைத் திறந்து வாசிக்கணும்.”

பேத்தி செமஸ்டருக்குப் படிக்கப் போக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்கு அவசரமே இல்லை. ஓய்வுபெற்றபின் அவருக்கு வகுப்பு கிடைத்ததே அன்றுதான்.

இதையே உலகம் மொத்தமும் சேர்ந்து செய்த நாள் ஒன்று உண்டு: 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்தில் விழுந்தன. அப்டேட்டை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்தது விழுந்ததுதான். பெரும்பாலானவற்றுக்கு ஆள் நேரில் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் அந்த 48 இலக்கமும் கேட்டது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தன் அஸூர் கிளவுட் வாடிக்கையாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனை, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், 15 தடவை வரை ஆகலாம் என்பது. மாமாவிடம் இதைச் சொன்னேன்.

“15 தடவைன்னா அது ரிப்பேர் இல்ல மாப்ளே, இம்போசிஷன்.”

ஒருவழியாக 48 இலக்கமும் ஏறி, அடுத்து வந்த பட்டியலில் 4-ஐத் தட்டியதும் சேஃப் மோடு வந்தது: கறுப்புத் திரை, நான்கு மூலையிலும் அதன் பெயர், அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டும். பிரிண்டர்காரன் ஏற்றியதை நீக்கினோம். லேப்டாப் ஒழுங்காக எழுந்தது. பிரிண்டர் அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போய், அதன் மேல் இப்போது பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன.

போன வாரம் அத்தை கூப்பிட்டாள். எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டரின் கணினி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறதாம். அரைகுறை நோயை வளர்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். போஸ்ட்மாஸ்டர் நம்பர் யாரிடமாவது இருந்தால் உடனே வேண்டும்.