பாரம்பரியத்துக்கு ஐம்பது காசு அதிகம்

சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2016இல், இரண்டு அங்காடிக் கடைகளுக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்திருந்தது. ஊரே மார்தட்டியது. அதே ஊரில் கோழிச் சோறு ஐம்பது காசு ஏறினால் பெருமை சட்டென்று வற்றிவிடுகிறது. "அநியாயம்" என்று முணுமுணுத்தபடி குளிரூட்டிய இனிப்புக் கடைக்குப் போய், அந்தச் சோற்றைவிட அதிக விலைக்குக் கொரியப் பிங்சு வாங்கி, முதலில் படமெடுத்து, உருகியபின் உண்கிறார்கள். அதுவும் பனித்துருவலும் சிவப்புப் பயறும்தான்; அங்காடியில் ஐஸ் கச்சாங் என்ற பெயரில் அதன் ஏழை உறவினர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறார்.

அங்காடி எளியவர் வயிற்றுக்கானது, விலை ஏறலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1970களில் தெருவோர வியாபாரிகளை அரசு அங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றியது முதல் மலிவும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. ஆனால் அந்த மலிவுக்குப் பணம் கட்டுவது யார்? கோழி, எரிவாயு, வாடகை எல்லாம் ஏறும்போது, இறங்குவதற்கு மிச்சமிருப்பது விடியுமுன் எழும் சமையல்காரரின் கூலி மட்டுமே. அவர்களில் பலர் முதியவர்கள். பிள்ளைகளோ அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள். மதியம் அந்தப் பிள்ளைகளே டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு, மலிவான சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.