மீன் விவசாயியைக் கைதூக்கிவிடுவது எப்படி? ஒரகடம் தொழிற்சாலை மேலாளர்களுக்கு ஒரு கையேடு

மார்ச் மாதம் தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்குவது அவசரக்குடுக்கைத்தனம். ஓரளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். கணக்கு முடிகிற நேரத்தில்தான் அந்தப் பணத்துக்கே தன் கடமை நினைவுக்கு வரும். குன்றத்தூர்ப் பக்கத்துக் குட்டைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, பங்குனி வெயிலில் வற்றத் தொடங்குமே என்று யாராவது முணுமுணுத்தால் கண்டுகொள்ளாதீர்கள். தண்ணீர் குறைந்தால், நாம் விடும் மீன்குஞ்சு போட்டோவில் நன்றாகத் தெரியும்.

பின்னணிக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நல்லது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. எந்தக் கேமராவிலும் எடுபடும். அது சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி, நம் விவசாயியின் குட்டை எங்கோ உள்ளே ஐம்பது சென்ட்டில் கிடக்கிறது என்பதெல்லாம் படத்துக்குக் கீழே எழுத வேண்டியதில்லை.

குஞ்சு விடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையை அப்படியே குட்டையில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, பிறகே திறக்க வேண்டும் என்பார்கள் மீன்வளத் துறையினர். தலைமை விருந்தினருக்குக் கால் மணி நேரம் ஏது? இடுப்பு உயரத்திலிருந்து கவிழ்க்கச் சொல்லுங்கள். நாலங்குல விரலி வாங்காதீர்கள். அது விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் தப்ப வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனால் அதே பணத்துக்கு எண்ணிக்கை குறையும். ஒரு அங்குலக் குஞ்சு என்றால் ஆண்டறிக்கையில் ஆயிரங்கள் துள்ளும். முதலில் இலுப்பைப் புண்ணாக்குப் போட்டுக் களைமீனை ஒழிக்கணும், அந்த நஞ்சு இறங்க மூணு வாரமாவது ஆகும் என்று விவசாயி இழுப்பார். பேனர் அச்சாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

(குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய அதிபத்த நாயனாரும் மீன் விட்டவர்தான்: வலையில் விழுந்த முதல் மீனைச் சிவனுக்கென்று தினமும் கடலிலேயே விட்டார். பேனர் இருந்ததாகத் தெரியவில்லை.)

அடுத்தது பயிற்சி. அதற்கு ஏற்ற நாள் ஜூலை 10, தேசிய மீன் விவசாயிகள் தினம். 1957-இல் அன்றுதான் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி குழுவினர் பிட்யூட்டரி சாற்றை ஊசியில் ஏற்றி, ஆற்றில் முட்டையிட்டுவந்த பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். ஏசி அரங்கில் காலை பதினொரு மணிக்கு ஆரம்பிக்கலாம். குட்டையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவது விடிவதற்குச் சற்று முன். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்போது டார்ச்சோடு ஓடி மோட்டாரைப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த நேரத்துக்கு நம் தொண்டர்கள் யாரும் கிடைக்கமாட்டார்கள். ஸ்லைடில் காட்டினால் போதும்.

பண உதவி கேட்டால், 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தைக் காட்டுங்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. குட்டையை வெட்டிக் காட்டிய பிறகுதான் கைக்கு வரும். வெட்டக் காசில்லாதவர், அதுவரைக்கும் வட்டியில்லாமல் ஒரு கைமாத்து கொடுங்களேன் என்பார். யோசித்துப் பாருங்கள்: கைமாத்தில் பெயர்ப்பலகை நட முடியுமா?

எல்லாம் தாண்டி அவர் கட்லாவும் ரோகுவும் பிடித்துவிட்டால்தான் சங்கடம். சென்னைச் சந்தையில் ஆந்திராவிலிருந்து லாரி லாரியாக இதே மீன் வந்து இறங்குகிறது. வியாபாரி அந்த விலைக்குத்தான் கேட்பார். 'மூணு ஷிப்டுக்கும் சோறு போடுறீங்க, உங்க கேன்டீனே வாங்கிக்கலாமே சார்?' என்று விவசாயி கேட்கும் நாள் வரும். பதறாதீர்கள். அது பர்ச்சேஸ் பிரிவின் வேலை. ஜிஎஸ்டி எண் கேட்பார்கள், மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், பணம் 90 நாளில் என்பார்கள். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் நாளைக்கே ரொக்கம் கொடுத்து வாங்கணுமே என்று அவர் தலையைச் சொறிந்தால், நிதி மேலாண்மை வகுப்பு ஒன்றில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் உண்டு, மதியம் வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடும் உண்டு.