தண்ணீருக்கடியில் ஸ்கூட்டர்

கேள்வி: ஸ்கூபா டைவர்களை இழுத்துச் செல்லும் நீரடி ஸ்கூட்டர், விலை லட்சங்களில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ஃப்ளோரிடாவின் வக்கல்லா நீரூற்றுக் குகைக்குள் கிலோமீட்டர் கணக்கில் போகிறவர்களுக்கு அது அவசியம். (நடுவழியில் நின்றுவிட்டால் நீந்தித் திரும்ப வேண்டுமே என்று உபரி சிலிண்டரும் சுமப்பார்கள்.) காலை உதைப்பது குறைந்தால் சிலிண்டர் காற்று மிச்சம், உண்மைதான். ஆனால் பவளப்பாறையில் மீன் பார்க்கப் போகிறவருக்கு என்ன அவசரம்? கோயில் பிராகாரத்தை பைக்கில் சுற்றுவீர்களா? வண்டி சட்டென்று மேலே இழுத்துவிட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிடும். ஆஸ்பத்திரிச் செலவு தனி. போதாததற்கு, 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை விமானத்தில் பயணிகளின் சாமான்களோடு ஏற்ற மாட்டார்கள். ஆசை தீராவிட்டால் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். சொந்தமாக வேண்டாம்.